அகராதியில் ஒரு பாட்டு வரி: இலக்கிய மேற்கோளை எப்படிக் காட்டுவது?

'தாள்' என்ற சொல்லுக்கு நல்ல தமிழ் அகராதி ஒன்றில் பொருள் தேடினால் காகிதம், கால், மரத்தின் அடி, பயிரின் தண்டு, முயற்சி என்று ஒரு வரிசையே வரும். காகிதத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் எழாது. வினாத்தாள், விடைத்தாள் என்று தினமும் புழங்குகிற சொல். தண்டும் அப்படித்தான், நெல் அறுத்த வயலைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் 'முயற்சி' என்று ஒரு பொருள் போட்டிருக்கிறதே, அதை எதை வைத்து நம்புவது? அங்கேதான் திருக்குறளின் 212ஆம் பாடல் வந்து நிற்க வேண்டும்.

தாளாற்றித் தந்த பொருளெல்லாம் தக்கார்க்கு
வேளாண்மை செய்தற் பொருட்டு.

பாடுபட்டுச் சேர்த்த பொருள் எல்லாம் தகுதி உள்ளவர்களுக்கு உதவுவதற்காக என்கிறது குறள். இந்த இடத்தில் தாளைக் காலாகவோ காகிதமாகவோ எடுத்தால் பாட்டுக்குப் பொருளே கிடைக்காது. மேற்கோள் செய்கிற வேலை இதுதான். அது பக்கத்தை அழகுபடுத்த வந்ததில்லை. 'இந்தச் சொல்லுக்கு இப்படி ஒரு பொருள் இருந்தது' என்று அகராதி சொல்வதற்கு அது சாட்சி. சாட்சியை யாரும் சரிபார்க்கும்படி நிறுத்த வேண்டும். மேற்கோளை எங்கே வைப்பது, எத்தனை வரி கொடுப்பது, எதைத் தடித்த எழுத்தில் காட்டுவது, நூலை எப்படிக் குறிப்பது என்ற வடிவக் கேள்விகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன. பலர் சேர்ந்து எழுதும் இணைய அகராதியான விக்சனரியில் இந்தக் கேள்விகள் கூடுதலாகவே கடிக்கும். ஏனென்றால் அங்கே ஒரே ஆசிரியர் குழு கிடையாது. ஒவ்வொருவரும் தத்தம் பழக்கப்படி வரியைக் கொண்டுவந்து ஒட்டுகிறார்கள்.

அச்சு அகராதிகள் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டன. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்காக வாசகர்கள் ஊர் ஊராக நூல்களைப் படித்து, சொல் வந்த வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்பினார்கள். அந்த அகராதியின் முதல் பகுதி 1884இல் வந்தது, 1928இல் வேலை முடிந்தது. அச்சில் ஏறிய மேற்கோள்கள் மட்டும் 18 லட்சத்துக்கு மேல். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே மேற்கோள்கள் கால வரிசையில் நிற்கும். ஆண்டு முன்னால் வரும், பிறகு ஆசிரியர், நூல், அதன் பின் வாக்கியம். நம் பக்கம் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. பெரும்பகுதி எஸ். வையாபுரிப் பிள்ளை பதிப்பாசிரியராக இருந்த காலத்தில் முடிந்த வேலை அது. ஒரு பொருள், அதற்குச் சான்றாக ஒரு சிறு தொடர், அடைப்புக்குறிக்குள் நூல் பெயரின் சுருக்கமும் எண்ணும்: இவ்வளவுதான் அதன் அமைப்பு. இன்றைக்கும் தமிழில் அதற்கு இணையாகச் சான்று காட்டும் அகராதியைக் கண்டுபிடிப்பது கடினம்.

தமிழ் விக்சனரி 2004இல் தொடங்கியது. இன்று அதில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் இருக்கின்றன. தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொகுத்த கலைச்சொற்களைத் தானியங்கி (தானாகவே பக்கங்களை உருவாக்கும் நிரல்) கொண்டு ஏற்றியதால் எண்ணிக்கை சட்டென்று ஏறியது. அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவற்றில் ஓர் ஆங்கிலச் சொல்லும் அதற்கான தமிழ்ச் சொல்லும்தான் இருக்கும். இலக்கிய மேற்கோள் என்பது ஆர்வலர்கள் கையால் ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அப்படிச் சேர்த்தவை பல விதமாகக் கிடக்கின்றன: சில பொருளுக்கு அருகில், சில பக்கத்தின் அடியில் தனித் தலைப்பின் கீழ், சில நூல் பெயரே இல்லாமல்.

முதலில் இடம். மேற்கோள் அது நிறுவுகிற பொருளுக்கு நேர் கீழே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எல்லாப் பொருள்களையும் மேலே வரிசையாக எழுதிவிட்டு, எல்லாப் பாட்டுகளையும் கீழே கொட்டினால் எந்தப் பாட்டு எந்தப் பொருளுக்கு என்று வாசகர்தான் ஊகிக்க வேண்டும். 'கோள்' என்ற சொல்லைப் பாருங்கள். இன்று அதற்கு முதலில் தோன்றும் பொருள் வானத்துக் கோள், அப்புறம் கோள் சொல்லுதல். பக்கத்தின் அடியில் 'கோளில் பொறியின் குணமிலவே' என்று ஒன்பதாம் குறளைப் போட்டிருந்தால், புதிதாகப் படிப்பவர் 'கோளில்' என்பதை 'செவ்வாய்க் கோளில்' என்பதுபோல வாசித்துவிட்டுக் குழம்புவார். அங்கே அது கோள் இல், அதாவது புலன்களைக் கொள்ளும் திறன் இல்லாத பொறி. 'கொள்ளுதல்' என்ற பொருளுக்குக் கீழே அந்தக் குறள் நின்றால் இந்தக் குழப்பமே வராது.

ஆங்கில விக்சனரியில் இதுதான் நடைமுறை. வரையறைக்கு அடியில் மேற்கோள்கள் உள்தள்ளி வரும். நிறைய இருந்தால் மடித்து வைத்து, வேண்டியவர் சொடுக்கித் திறந்து பார்க்கலாம். இடம் அடைத்துக்கொள்ளும் என்ற கவலை அத்தோடு தீர்ந்தது. ஒரு பொருளுக்கு ஆறு, ஏழு என்று சேர்ந்துவிட்டால் மேற்கோள்களுக்கென்றே தனிப்பக்கம் ஒதுக்கிக்கொள்கிறார்கள்.

ஆனால் அவர்களுடைய வடிவத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால் தமிழில் இரண்டு இடங்களில் இடிக்கிறது. அந்த இரண்டையும் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒன்று, தலைச்சொல்லை, அதாவது அந்தப் பக்கம் எந்தச் சொல்லுக்கானதோ அதை, தடித்த எழுத்தில் காட்டும் பழக்கம். ஆங்கிலத்தில் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறது. அந்தச் சொல்லை மட்டும் தடித்துவிட்டால் போதும். தமிழ்ச் செய்யுளில் அது முடியாது. 'தாளாற்றித்' என்பதில் 'தாள்' எங்கே முடிகிறது? தாள் + ஆற்றி. ள் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்து 'ளா' என்ற ஒரே எழுத்தாகிவிட்டன. தடிக்கும் குறியை 'ள'வுக்கும் அதன் காலுக்கும் நடுவில் வைத்தால், பல திரைகளில் கால் தனியே பிரிந்து ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். 'ளா' முழுவதையும் தடித்தால் 'ஆற்றி'யின் முதல் எழுத்தையும் சேர்த்துத் தடிக்கிறோம். 'தா' மட்டும் தடித்தால் அது வேறு சொல்.

இரண்டாம் குறளில் இன்னும் சிக்கல். 'வாலறிவன் நற்றாள் தொழாஅர் எனின்' என்பதில் 'தாள்' இருக்கிறது, ஆனால் 'தா' என்ற எழுத்தே கிடையாது. நல் + தாள் சேர்ந்து நற்றாள் ஆனபோது தகரம் றகரமாகிவிட்டது. இதைத் தேடுபொறியில் 'தாள்' என்று போட்டுத் தேடுபவருக்கு இந்த வரி அகப்படாது. 'தாளாற்றி'யும் அகப்படாது, ஏனென்றால் புள்ளி வைத்த ள் அங்கே இல்லை. புணர்ச்சி விதி தமிழ் படித்தவருக்குத் தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது.

இதோடு சீர் பிரிப்பும் சேர்கிறது. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அச்சுப் பதிப்புகளில் அது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

இதில் காணும் இடைவெளிகள் சொல்லுக்கானவை இல்லை, சீருக்கானவை. 'யாரா கியரோ' என்பது யார் ஆகியரோ. 'தாங்கலந் தனவே' என்பது தாம் கலந்தனவே. 'கலந்தன' என்ற வினை நடுவில் உடைந்து இரண்டு சீர்களில் கிடக்கிறது. 'கல' என்ற வினைச்சொல்லுக்கு இந்தப் பாடலை மேற்கோள் காட்டினால் எதைத் தடிப்பது? யாப்பு அறியாத வாசகர் 'தாங்கல்' என்று ஒரு சொல் இருப்பதாகவே நினைக்கக்கூடும்.

அப்படியானால் சீர் பிரிப்பை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பதம் பிரித்தே போட்டுவிடலாமா? கூடாது. பதம் பிரித்தால் யாப்பு போய்விடும், அத்தோடு அது பிரித்தவருடைய கருத்தாகவும் ஆகிவிடும். சில இடங்களில் ஒரே தொடரை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். உரையாசிரியர்களே அங்கே வேறுபடுவார்கள். பிரித்த வடிவத்தை மட்டும் காட்டினால் மற்ற வழியை வாசகரிடமிருந்து மறைத்தவர்களாகிறோம். எனவே இரண்டும் வேண்டும்: மேலே பதிப்பில் உள்ளபடி செய்யுள், அதில் எந்த ஒப்பனையும் கிடையாது, கீழே சிறிய எழுத்தில் பதம் பிரித்த வரி, அதில் மட்டும் தலைச்சொல் தடித்து நிற்கும். தேடுபவருக்குக் கீழ்வரி கிடைக்கும், சரிபார்ப்பவருக்கு மேல்வரி இருக்கும். பதம் பிரித்த வரிக்கு 'பிரிப்பு' என்று ஒரு சிறு அடையாளமும் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அதையும் மூலம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மேற்கோள் ஒன்றுக்கு இரண்டு வரி வேலை கூடும்தான். ஆனால் தமிழ்ச் செய்யுளை இணையத்தில் சான்றாக வைக்க இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

இடிக்கும் இரண்டாவது இடம், ஆண்டு. ஆங்கில விக்சனரியின் மேற்கோள் வடிவத்தில் ஆண்டுதான் தலைமை. தடித்த எழுத்தில் முதலில் நிற்பது அதுவே. அதற்கான வார்ப்புருவிலும், அதாவது கட்டங்களை நிரப்பினால் மேற்கோளை ஒரே வடிவில் காட்டும் விக்கி அச்சிலும், ஆண்டுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. கட்டம் என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பத்தான் கை போகும். புறநானூற்றுக்கு அங்கே என்ன எழுதுவது? உ. வே. சாமிநாதையர் அதை 1894இல் பதிப்பித்தார் என்று நூலின் முகப்பில் இருக்கும்; அந்த எண்ணை எடுத்துக் கட்டத்தில் போட்டால், சங்கப் பாட்டின் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்ததாக அகராதி சொல்லும். சீவக சிந்தாமணிக்கு 1887, சிலப்பதிகாரத்துக்கு 1892 என்று இதே பிழையை வரிசையாகச் செய்யலாம். இவற்றை வைத்து யாராவது நாளைக்குச் சொற்களின் காலத்தைக் கணிப்பொறியில் கணக்கிட்டால் வரும் முடிவு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழின் பழைய நூல்களுக்கு நூல் பெயரே தலைமையாக நிற்கட்டும். பதிப்பின் ஆண்டை 'பதிப்பு' என்ற சொல்லோடு சேர்த்துக் கடைசியில் எழுதினால் போதும். காலம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'சங்க இலக்கியம்', 'பக்தி இலக்கியம்' என்று பரப்பைக் குறிக்கலாம். இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைக்கும் கட்டுரைக்கும் வரும்போது ஆண்டை முன்னால் போடுவதில் தவறே இல்லை. அங்கே ஆண்டு உறுதியாகத் தெரியும்.

நூலைக் குறிக்கும் முறைக்கு வருவோம். பேரகராதியில் 'கம்பரா.', 'சீவக.', 'பு. வெ.' என்றெல்லாம் சுருக்கங்கள் வரும். ஆறு தொகுதிக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களை அடக்க வேண்டியிருந்தவர்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் காகிதம். 'பு. வெ.' என்றால் புறப்பொருள் வெண்பாமாலை என்று முன்பக்கப் பட்டியலைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம். இணையத்தில் காகிதச் செலவு கிடையாது. தேடலில் நேராக ஒரு சொல்லின் பக்கத்துக்கு வந்து விழுபவருக்கு முன்பக்கமும் கிடையாது. ஆகவே 'திருக்குறள், 212' என்று முழுப் பெயரே எழுதலாம்.

எண்ணைக் குறிப்பதில் எல்லா நூலும் குறளைப்போல் எளிதில்லை. குறளுக்கு 1 முதல் 1330 வரை தொடர் எண் போதும். புறநானூற்றுக்கும் குறுந்தொகைக்கும் பாட்டெண்ணும் அடியெண்ணும் வேண்டும். சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடியும். தேவாரத்துக்குத் திருமுறை, பதிகம், பாடல் என்று மூன்று எண். 'தோடுடைய செவியன்' 1.1.1 ஆகிறது. கம்பராமாயணத்தில்தான் பாடுபட வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண் மாறும், மிகைப்பாடல்களை (பின்னால் சேர்ந்தவை என்று கருதப்படுபவற்றை) ஒருவர் உள்ளே சேர்த்திருப்பார், இன்னொருவர் வெளியே வைத்திருப்பார். அதனால் காண்டம், படலம், பாடல் எண்ணோடு எந்தப் பதிப்பு என்றும் சொல்லாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. தொல்காப்பியத்திலும் இதே கதை. உரையாசிரியர்கள் சில நூற்பாக்களைப் பிரித்தும் சிலவற்றைச் சேர்த்தும் உரை எழுதியதால் இளம்பூரணர் எண்ணும் சேனாவரையர் எண்ணும் எல்லா இடத்திலும் ஒத்துப்போகாது.

மேற்கோளின் நீளத்தில் அச்சு அகராதிகளின் சிக்கனம் நமக்கு வேண்டாம். 'வேளாண்மை' என்ற சொல்லுக்கு 'உதவி' என்ற பழைய பொருளைக் காட்ட ஒருவர் 'வேளாண்மை செய்தற் பொருட்டு' என்று மட்டும் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அது எந்தக் குறள்? விருந்தோம்பலில் 81ஆம் குறளும் ஒப்புரவறிதலில் 212ஆம் குறளும் அந்த மூன்று சீர்களோடுதான் முடிகின்றன. அதோடு, இந்தத் துண்டை மட்டும் படிப்பவர் 'விவசாயம் செய்வதற்காக' என்றே எடுத்துக்கொள்வார்; பொருளை நிறுவ வந்த சாட்சி எதிர்ப்பக்கம் பேசிவிடும். முதலடியில் 'தக்கார்க்கு' இருக்கிறது, அதைச் சேர்த்தால்தான் உதவி என்ற பொருள் தெளிவாகும். குறளென்றால் இரண்டடியும் கொடுப்பது, நீண்ட அகவலில் ஒரு கருத்து முடியும் வரை உள்ள அடிகளைக் கொடுப்பது, இடையில் விட்டால் புள்ளியிட்டுக் காட்டுவது என்பதே நல்ல வழக்கம்.

வரி உடைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விக்கி மென்பொருள் இதில் புதியவர்களை நன்றாகவே தடுமாற வைக்கும். தொகுப்புப் பெட்டியில் இரண்டு வரியாக எழுதிச் சேமித்தால் திரையில் அது ஒரே வரியாக ஓடிவிடும். வரியின் முன்னால் ஓர் இடைவெளி விட்டால் கட்டம் போட்ட, தட்டச்சுப் பொறி எழுத்து போன்ற ஒரு பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கவிதை வரிகளை அப்படியே காட்டுவதற்கென்று ஒரு குறி இருக்கிறது, அல்லது வரி முடிவில் உடைப்புக் குறி போடலாம். குறளை ஒரே வரியாகப் போட்டுவிட்டால் நான்கு சீர், மூன்று சீர் என்ற அமைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது.

மூதுரையின் முதல் வெண்பாவை எடுத்துக்கொள்ளலாம். 'தாள்' என்பதற்கு மரத்தின் அடி என்ற பொருளுக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி
என்று தருங்கொல் எனவேண்டா - நின்று
தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத்
தலையாலே தான்தருத லால்.

இரண்டாம் அடியில் ஒரு சிறு கோடு இருக்கிறது பாருங்கள். அது தனிச்சொல்லைக் காட்டப் பதிப்பாளர்கள் போடும் யாப்புக் குறி. அதை வாக்கியத்தின் நிறுத்தற்குறி என்று நினைத்துச் சிலர் எடுத்துவிடுகிறார்கள், சிலர் அந்த இடத்தில் வரியையே உடைத்துவிடுகிறார்கள். பொருளைப் பார்த்தால் 'நின்று' அடுத்த அடியோடு சேர்கிறது. யாப்பைப் பார்த்தால் அது இரண்டாம் அடியின் கடைசிச் சீர், 'நன்றி', 'என்று' என்பவற்றின் எதுகையோடு சேர்ந்து நிற்பது. மேல்வரியில் யாப்புப்படியே விட்டுவிட்டு, பிரிப்பு வரியில் 'நின்று தளரா வளர் தெங்கு தாள் உண்ட நீரைத் தலையாலே தான் தருதலால்' என்று பொருள்படி எழுதினால் இரண்டுக்கும் நியாயம் செய்தாகிவிடும்.

இதே கவனம் அளபெடைக்கும் வேண்டும். 'தொழாஅர்' என்பதில் அந்த 'அ' தட்டச்சுப் பிழை என்று நினைத்து 'தொழார்' என்று திருத்திவிடும் நல்ல மனத்தினர் உண்டு. 'தொழாஅர்' ஈரசைச்சீர், 'தொழார்' ஓரசை. வெண்பாவின் நடுவில் ஓரசைச்சீர் வராது. ஓர் எழுத்தை எடுத்ததும் குறள் வெண்பா வெண்பாவாக இல்லாமல் போகிறது.

நினைவிலிருந்து எழுதுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து. புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் பாடியது 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'. கேளிர் என்றால் உறவினர். இது மேடைகளிலும் சுவரொட்டிகளிலும் 'கேளீர்' என்று நெடிலாகி, 'எல்லாரும் கேளுங்கள்' என்ற பொருளில் உலவுகிறது. பொது இடத்தில் அது ஒரு பிழை, அவ்வளவுதான். அகராதியில் 'கேளிர்' என்ற பக்கத்திலேயே அந்தப் பிழை ஏறினால் பக்கத்தின் ஆதாரமே சரிந்துவிடும். எத்தனை தெரிந்த பாட்டாக இருந்தாலும் நூலைத் திறந்து பார்த்து எழுத வேண்டும்.

எது மேற்கோள், எது மேற்கோள் இல்லை என்பதிலும் ஒரு தெளிவு தேவை. பழைய அகராதிகளிலிருந்து வந்த பக்கங்களில் 'திவா.', 'பிங்.', 'சூடா.' என்று சான்று காட்டியிருக்கும். இவை திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி நிகண்டு என்ற நிகண்டுகள், அதாவது சொற்களைப் பொருளோடு பட்டியலிடும் பழைய செய்யுள் நூல்கள். நிகண்டில் ஒரு சொல் இருக்கிறது என்றால், அந்தச் சொல்லை ஒருவர் பட்டியலில் சேர்த்தார் என்று பொருள். யாரோ ஒருவர் அந்தச் சொல்லைக் கொண்டு எதையாவது சொன்னார் என்பதற்கு அது சான்றில்லை. ஆங்கில விக்சனரியில் இந்த வேறுபாட்டைக் கறாராகப் பார்ப்பார்கள்: நன்கு ஆவணப்படுத்தப்பட்ட மொழியில் ஒரு சொல் இடம்பெற, ஒன்றையொன்று சாராத மூன்று பயன்பாடுகள், குறைந்தது ஓராண்டு காலத்துக்குப் பரவி இருக்க வேண்டும், அகராதியில் இருப்பது கணக்கில் வராது. தமிழுக்கு அவ்வளவு கறார் தேவையில்லை என்பேன். நிகண்டு மட்டுமே காப்பாற்றிக் கொடுத்த சொற்கள் நமக்கு நிறைய உண்டு, அவற்றைத் தூக்கி எறிய முடியாது. ஆனால் அவற்றை இலக்கிய மேற்கோளோடு கலக்காமல், 'நிகண்டுச் சான்று' என்று தனியாகக் காட்டலாம்.

உரையும் அப்படித்தான். பரிமேலழகர் உரையில் வரும் சொல்லைத் திருவள்ளுவர் பெயரில் போடுவது நூற்றாண்டுகளைக் குழப்பும் வேலை. அந்த உரை பழந்தமிழ் உரைநடைக்கு அருமையான சான்று. அதை அவர் பெயரிலேயே, 'இந்தக் குறளுக்கான உரை' என்று சேர்த்துக் காட்டினால் ஒரு பக்கத்தில் இரண்டு காலத்துச் சான்று கிடைக்கும். பாடபேதத்தில் (சுவடிக்குச் சுவடி மாறும் பாடத்தில்) மட்டும் ஒரு சொல் வருகிறது என்றால் அதையும் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

தொகுப்பவர் தானே எழுதிய எடுத்துக்காட்டு வாக்கியம் வேறு வகை. 'விடைத்தாளை ஆசிரியரிடம் கொடுத்தான்' என்று எழுதுவது பயன்பாட்டை விளக்கும், அவ்வளவே. அதற்கு வேறு எழுத்து வடிவமும் வேறு பெயரும் தர வேண்டும். பார்த்ததுமே இது எழுதிக்கொண்டது, இது எடுத்துக்கொண்டது என்று தெரிய வேண்டும். எழுத்தாளர் ஒருவரின் வாக்கியத்தை எடுத்து, சற்றே எளிமையாக்கி, அவர் பெயரைக் கீழே போடுவது இரண்டுக்கும் நடுவில் விழுகிற, செய்யவே கூடாத காரியம். வட்டார வழக்கில் எழுதியவர் 'வந்தாக' என்று எழுதியிருந்தால் 'வந்தாக'தான்.

உரைநடை மேற்கோளில் பதிப்புரிமையும் குறுக்கே வரும். இந்தியாவில் ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்தார், ஆகவே இந்தக் கணக்குப்படி அந்த உரிமைக் காலம் 2008 முடிவு வரைதான். உரிமை உள்ள நூல்களிலிருந்து ஓரிரு வாக்கியங்களைப் பெயரோடும் நூலோடும் பக்க எண்ணோடும் எடுத்தாள்வது அகராதிகளின் நெடுநாள் வழக்கம். ஆனால் விக்சனரியின் உள்ளடக்கத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிடுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. புதுக்கவிதையில் இன்னும் கவனம் வேண்டும். எட்டு வரிக் கவிதையில் ஐந்து வரியை எடுத்தால் அது மேற்கோள் ஆகாது.

இவ்வளவையும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொண்டு எழுத முடியாது. அதற்குத்தான் வார்ப்புரு. நூல், எண், பாடல், பிரிப்பு, பதிப்பு என்று ஐந்து கட்டங்கள் போதும்; கவிஞர் பெயர் கிடைத்தால் ஆறாவது. வார்ப்புருவை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பக்கத்திலும் தோற்றம் மாறும், பிரிப்பு வரியில் தடித்த எழுத்தும் தானாக வரும். கட்டங்களைப் பதினைந்து, இருபது என்று பெருக்கினால் புதியவர்கள் அதைத் தொடவே தயங்குவார்கள், பழையபடி வெறும் வரியை ஒட்டிவிட்டுப் போவார்கள். கட்டாயக் கட்டங்கள் இரண்டே இரண்டுதான், பாடலும் நூலும். மற்றவற்றைப் பின்னால் வருபவர் நிரப்பிக்கொள்ளலாம். கூட்டாக எழுதுவதில் இந்த வசதி இருக்கிறது.

மூலத்துக்கு இன்று பஞ்சமில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்து வருகிறது. விக்சனரியின் உடன்பிறப்பான நூலகத் தளம் தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்கள் பெருந்தொகையாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் வேலை முடியாவிட்டாலும், நூற்பக்கத்தின் படமும் எழுத்து வடிவமும் அருகருகே நிற்பது மேற்கோள் எடுப்பவருக்குப் பெரிய உதவி. அந்தப் பக்கங்களுக்கு நிறம் உண்டு. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. சிவப்புப் பக்கத்தின் எழுத்து கணிப்பொறி படத்தைப் பார்த்து எடுத்தது. காலும் ரகரமும் அங்கே அடிக்கடி இடம் மாறிக் கிடக்கும், சீர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி காணாமல் போயிருக்கும். அதிலிருந்து வரியை வெட்டி ஒட்டும் முன் பக்கத்திலுள்ள படத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்து, அந்தப் பக்கத்தையும் அப்போதே திருத்திச் சேமித்துவிட்டால் விக்கிமூலத்தில் ஒரு பக்கம் மஞ்சளாகும், விக்சனரிக்கு ஒரு நல்ல மேற்கோள் கிடைக்கும்.